புளியங்கொட்டைப் போக்கர்

கல்யாணமான முப்பத்துநாலு வருஷத்தில் என் மனைவி வஸுமதியிடம் நான் சொன்ன பொய்களில் அதிக ஆயுசோடு இருந்தது நாற்பது நிமிஷம். அதுவும் அன்றைக்கு அவள் தலைக்குக் குளித்துக்கொண்டிருந்தாள்.

அப்படிப்பட்ட நான், போன வருஷம் ஒரு வியாழக்கிழமை மத்தியானம் சித்தூர் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு ஒரு தீர்மானம் செய்தேன். பத்து நாள். முழுசாகப் பத்து நாள். ஒரு விஷயம் வஸுமதிக்குத் தெரியக் கூடாது.

விஷயம் என் கழுத்தில் இருந்தது. முன்பக்கம், இடது ஓரம், சுண்டைக்காய் அளவுக்கு ஒரு கட்டி. ஷேவ் செய்யும்போது கையில் தட்டியது. நாங்கள் இருப்பது திருப்பதியில், கொர்லகுண்டாவில் ஒரு அபார்ட்மென்ட். திருப்பதியில் டாக்டர்களுக்குக் குறைவில்லை. ஆனால் எனக்கு மைத்துனர்களுக்கும் குறைவில்லை. எந்த ஆஸ்பத்திரி வாசலில் செருப்பைக் கழற்றினாலும் பக்கத்து ஜோடி ஒரு மைத்துனருடையதாக இருக்கும். அதனால்தான் சித்தூர். அங்கே விவசாய ஆபீஸில் முப்பது வருஷம் குமாஸ்தாவாக இருந்து ரிடையரானவன் நான். பென்ஷன் விஷயம் என்று சொல்லிவிட்டு எப்போது வேண்டுமானாலும் பஸ் ஏறலாம்.

டாக்டர் ஊசியால் குத்தி எடுத்துப் பார்த்தார். மூன்று நாள் கழித்து, அந்த வியாழக்கிழமை, ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்:

"ஸௌரிராஜன் காரு, நல்லதுன்னும் சொல்ல முடியல, கெட்டதுன்னும் சொல்ல முடியல. நடுவுல இருக்கு."

"நடுவுலன்னா?"

"இந்த மாதிரி வர்றதுல நூத்துக்கு இருபது கெட்டதாப் போகும். இன்னொரு வாட்டி குத்தி எடுத்து சென்னைக்கு அனுப்பறேன். பத்து நாள்ல தெரிஞ்சுடும்."

வஸுமதியின் மூத்த அண்ணாவுக்குத் தொண்டையில் வந்தது. எட்டு மாசம். எங்கள் வீட்டு நடு அறையில்தான் படுத்திருந்தார். கஞ்சியை ட்யூப்பில் ஊற்றியது வஸுமதி. கடைசி மாசம் அவர் பேசினது ஒருத்தருக்கும் புரியாது. அவளுக்கு மட்டும் புரியும். அவர் போன பிறகு ஒரு வருஷம், யார் இருமினாலும் அவள் திடுக்கிட்டுத் திரும்புவாள். அவளிடம் போய் நான் 'கழுத்து' என்ற வார்த்தையைச் சொல்வதா? பத்து நாள் கழித்து ஒன்றுமில்லை என்று வந்தால் சொல்லாமலே போகட்டும். ஏதாவது இருக்கிறது என்று வந்தால், அவளுக்குப் பத்து நாள் தூக்கமாவது மிச்சம்.

எவ்வளவு உயர்ந்த எண்ணம்! புத்தலப்பட்டு தாண்டுகிற வரைக்கும் என்னை நானே மெச்சிக்கொண்டு வந்தேன். பிறகுதான், எங்கே போனேன் என்பதற்கு ஒரு காரணம் தயார் செய்யவில்லை என்பது ஞாபகம் வந்தது. பென்ஷன் காரணத்தைத் திங்கட்கிழமையே செலவழித்தாகிவிட்டது. ஜன்னலுக்கு வெளியே ஒரு பலகை தெரிந்தது. அதைப் பிடித்துக்கொண்டேன்.

"எங்கே போயிட்டு வரேள்?" என்றாள் வஸுமதி.

"காணிப்பாக்கம்."

அவள் கையில் கரண்டி நின்றது. "யாரு, நீங்களா?"

"வேற யாரு?"

"பிள்ளையார் கோயிலுக்கா?"

"ஏன், அவரும் ஸ்வாமிதானே?"

"உங்காத்துல அவரைத் தும்பிக்கையாழ்வார்ங்கற பேரைத் தவிர வேற பேர் சொன்னதுண்டா? சதுர்த்திக்கு முப்பது கொழுக்கட்டையைச் சாப்பிட்டுட்டு, இது வெறும் பலகாரம்னு சொன்ன மனுஷர் உங்கப்பா."

"காலம் மாறிடுத்து வஸு."

"பிரசாதம் எங்கே?"

"பஸ்ஸிலேயே சாப்பிட்டுட்டேன்."

"கழுத்துல என்ன பிளாஸ்திரி?"

"ஷேவ் பண்ணறச்சே கீறிடுத்து."

"கார்த்தால போறச்சே இல்லையே?"

"…காணிப்பாக்கத்துல பண்ணிண்டேன்."

அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். "ஓஹோ" என்றாள். உள்ளே போய்விட்டாள். நாற்பது நிமிஷம் ஆயிற்று. ஒரு மணி ஆயிற்று. மறுபடி அவள் ஒன்றும் கேட்கவில்லை. ரிகார்டை முறியடித்துவிட்டேன் என்று எனக்கு உடம்பெல்லாம் பூரிப்பு.

மறுநாள் காலை காபியோடு ஒரு அதிர்ஷ்டமும் வந்தது.

"இன்னிலேர்ந்து மத்தியானம் மூணு மணிக்கு ஸஹஸ்ரநாம கோஷ்டி இருக்கு எனக்கு. அஞ்சு மணி ஆயிடும். எதிராத்து மோனிகாவும் அந்தப் பக்கம் கடைக்குப் போறாளாம், ஒரே ஆட்டோவில போயிடறோம்."

"பேஷாப் போயிட்டு வா," என்றேன். தினம் இரண்டு மணி நேரம் முகத்தை இறக்கி வைத்துவிட்டு உட்காரலாம்.

மூன்று பத்துக்கு வாசல் மணி அடித்தது. எதிர் வீட்டு ஜெபகுமார். மோனிகாவின் கணவர். ரேணிகுண்டாவில் கூட்ஸ் வண்டி கார்டாக இருந்து ரிடையரானவர். ஒரு கையில் சீட்டுக் கட்டு. இன்னொரு கையில் மஞ்சள் பை.

"இன்னா சாமி, சும்மா குந்திக்கினு இருக்கீங்க? ஒரு ஆட்டம் போடலாமா?"

"ரம்மியா?"

"போக்கர்."

"போக்கிரியா?"

"அய்ய, போக்கிரி இல்ல சாமி. போக்கர்! ஆஸ்திரேலியாவுல என் மருமவன் கத்துக் குட்தான். ஆறு மாசம் அங்க துன்னுட்டுத் தூங்கனதுக்கு நடுவுல எனக்கு வேற இன்னா வேல?"

"காசு வச்சு ஆடினா போலீஸ் வரும் ஓய்."

அவர் மஞ்சள் பையைக் கவிழ்த்தார். மேஜையெல்லாம் புளியங்கொட்டை. "இதுக்கு இன்னும் தடை போடல."

சீட்டை எடுத்துக் கலைத்தார். ரயிலுக்குக் கொடி காட்டின கை, லாகவமாக இருந்தது. "ஆளுக்கு ரெண்டு சீட்டு, மறைச்சு வச்சிக்கணும். நடுவுல அஞ்சு சீட்டு எல்லாருக்கும் பொது. மொதல்ல மூணு தெறப்போம். அப்பறம் ஒண்ணு, அப்பறம் ஒண்ணு. ஏழுல நல்லதா அஞ்சு யாருக்குச் சேருதோ அவனுக்குக் குமியல். நடுவால ஒவ்வொரு வாட்டியும் கொட்டையத் தள்ளலாம், தள்ளாம சும்மா இருக்கலாம், இல்ல சீட்டக் கவுத்துட்டு எழுந்துக்கலாம்."

"இவ்வளவுதானா?"

"இவ்ளோதான். நல்ல கை வந்தா எந்த மடையனும் ஆடுவான். மட்டமான கை வந்தா கவுத்துட்டுப் போய்க்கினே இருக்கலாம். பேஜாரு எங்கன்னா, ரெண்டுக்கும் நடுவுல ஒரு கை வரும் பாருங்க. நல்லதுன்னும் சொல்ல முடியாது, கெட்டதுன்னும் சொல்ல முடியாது."

என் கை தானாகக் கழுத்துப் பிளாஸ்திரியைத் தொட்டது.

"அந்த மாதிரி கைக்கு… என்ன பண்ணணும்?"

ஜெபகுமார் என்னைப் பார்க்கவில்லை. சீட்டையே பார்த்துக்கொண்டு சொன்னார்: "ஓடவும் கூடாது, குதிக்கவும் கூடாது. அடுத்த சீட்ட எவ்ளோ கம்மிக்குப் பாக்க முடியுமோ அவ்ளோ கம்மிக்குப் பாக்கணும். பாத்துட்டு அப்பறம் யோசிக்கணும்."

அன்று நான் ஓடினேன், குதித்தேன், நூற்றிருபது புளியங்கொட்டை தோற்றேன். ஜோடி ஒன்பது வந்தால் மூக்கு விடைக்கிறதாம் எனக்கு. ராஜா வந்தால் காது சிவக்கிறதாம். "சாமி, உங்க மூஞ்சி ரேணிகுண்டா ஸ்டேஷன் போர்டு. எந்த வண்டி, எத்தினி மணிக்கு, எந்தப் பிளாட்பாரம், எல்லாம் ஓடுது. அத அணைக்கணும் மொதல்ல."

அந்த நிமிஷம் எனக்குப் புரிந்தது. எனக்கு வேண்டிய வித்தை இதுதான். பெருமாளே பார்த்து இவரை எதிர் வீட்டில் குடிவைத்திருக்கிறார்.

சனிக்கிழமை கணக்குப் பாடம். "உங்க கையில ரெண்டு ஆட்டின், நடுவுல ரெண்டு ஆட்டின். இன்னும் ஒண்ணு வந்தா அஞ்சும் ஆட்டின், கை ஜெயிக்கும். கட்டுல ஆட்டின் மொத்தம் பதிமூணு. நாலு போனா?"

"ஒன்பது."

"ரெண்டு சீட்டு தெறக்க பாக்கி இருந்தா ஒம்போத நாலால பெருக்கு. முப்பத்தாறு. நூத்துக்கு முப்பத்தாறு சான்ஸு. ஒரு சீட்டுதான் பாக்கின்னா ரெண்டால பெருக்கு, பதினெட்டு. பக்கமாத்தான் வரும். ரயில் கார்டுக்கு இது போதும், டிரைவர் வேகத்தப் பாத்துக்குவான்."

"எதிராளிக்கு நூத்துக்கு இருபதுன்னா?"

"அப்ப உங்களுக்கு எண்பது. தைரியமா குந்தியிருங்க."

"நிச்சயமா ஜெயிச்சுடலாமா?"

"எண்பதுன்னா நூறு இல்லயே சாமி," என்றார் மெதுவாக. "அஞ்சு வாட்டி ஆடினா ஒரு வாட்டி தோப்போம். அது எந்த வாட்டின்னு சீட்டு சொல்லாது."

வீட்டில் நான் பயிற்சியை ஆரம்பித்தேன். கண்ணாடி முன்னால் நின்று முகத்தை அணைத்தேன். புருவம், மூக்கு, காது, வரிசையாக எல்லா விளக்கையும். பிறகு சாப்பிட உட்கார்ந்தேன்.

"குழம்பு எப்படி இருக்கு?"

நான் முகத்தைக் காலியாக வைத்துக்கொண்டேன்.

"உப்பு ஜாஸ்தியா?"

காலி.

"கம்மியா?"

காலி.

"ஏன்னா, வாய் ஏதாவது கோணிண்டுடுத்தா? டாக்டரண்ட போவோமா?"

"வேண்டாம்!" என்று அலறினேன். போர்டில் எல்லா வண்டியும் ஒரே சமயத்தில் ஓடியது. அவள் இன்னொரு கரண்டி சாதம் போட்டாள்.

என் முகத்தையே காவல் காத்துக்கொண்டிருந்ததில் அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்த்ததும் கொஞ்சம் உண்டு. கோஷ்டியிலிருந்து வந்தால் செருப்பைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவாள். ஆயிரம் பெயர் சொன்னால் களைப்பு வராதா என்று நினைத்துக்கொண்டேன். தண்ணீர் கேனை என்னைத் தூக்கச் சொன்னாள். இடது கையை மடியிலேயே வைத்திருந்தாள். பெங்களூரில் இருக்கும் எங்கள் பெண் நீரஜா தினம் இரண்டு தடவை போன் செய்தாள். போனை எடுத்துக்கொண்டு வஸுமதி பால்கனிக்குப் போவாள். எனக்கு அதுவும் சௌகரியமாகத்தான் இருந்தது.

நாலைந்து நாளில் நான் ஜெயிக்க ஆரம்பித்தேன். புதன்கிழமை எழுபது கொட்டை. வியாழக்கிழமை தொண்ணூறு. "முன்னேறிட்டீங்க சாமி!" என்றார் ஜெபகுமார். வெள்ளிக்கிழமை அவர் கையில் ஜோடி ராணி வைத்துக்கொண்டு சீட்டைக் கவிழ்த்ததைப் பார்த்தேன். என் முகத்துக்குப் பயந்துவிட்டார் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கோஷ்டிக்கு விடுமுறை. நாங்கள் ஆடிக்கொண்டிருக்கும்போது வஸுமதி நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"எனக்கும் ரெண்டு சீட்டு போடுங்கோ."

"உனக்கு இதெல்லாம் தெரியாது வஸு."

"பத்து நாளா நீங்க சொல்றதே காதுல விழறது. போடுங்கோ ஜெபகுமார்."

எனக்கு ஜோடி ஒன்பது. நடுவில் ராஜா, ராணி, எட்டு திறந்தது. ஜெபகுமார் கவிழ்த்துவிட்டார். இதோ, பாடத்தில் படித்த அதே நடுவாந்தரக் கை. ஓடக் கூடாது, குதிக்கக் கூடாது. ஐந்து கொட்டை தள்ளினேன். அவளும் ஐந்து தள்ளினாள். அடுத்தது நாலு. நான் சும்மா இருந்தேன். அவளும் சும்மா இருந்தாள். கடைசிச் சீட்டு, ஏஸ்.

வஸுமதி தன் முன்னாலிருந்த கொட்டைகளை எல்லாம் வலது கையால் கூட்டி, ஒரே தள்ளாகத் தள்ளினாள். அவள் முகத்தில் ஒன்றுமே இல்லை. துடைத்த சிலேட்டு.

நான் யோசித்தேன். ஆடத் தெரியாதவள். ஆடத் தெரியாதவர்கள் கையில் இருந்தால்தான் தள்ளுவார்கள். ராஜாவோ ஏஸோ நிச்சயம். எதிராளியின் முகத்தைப் படி என்று ஜெபகுமார் சொல்லிக்கொடுத்திருக்கிறார், படித்துவிட்டேன். பெருந்தன்மையோடு சீட்டைக் கவிழ்த்தேன்.

அவள் தன் சீட்டைத் திருப்பிக் காட்டினாள். மூன்று, ஆறு.

"ஒண்ணுமே இல்லையேடி உங்கிட்ட!"

"ஆமாம்."

"ஒண்ணுமே இல்லாம எப்படி எல்லாத்தையும் வச்சே?"

"ஒண்ணும் இல்லேன்னு தெரிஞ்சப்புறம் பயப்பட என்ன இருக்கு?" என்று எழுந்து காபி போடப் போனாள். ஜெபகுமார் கொட்டைகளை ஒவ்வொன்றாகப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார். வெகு நேரம் போட்டுக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை காலை அவளே சொன்னாள்: "இன்னொரு தரம் காணிப்பாக்கம் போயிட்டு வாங்களேன். இன்னிக்கு நாள் நன்னா இருக்கு."

டாக்டரிடமிருந்து எனக்கு ஒரு தகவலும் வந்திருக்கவில்லை. ஆனால் வலிய வந்த காரணத்தை விடலாமா? பஸ் ஏறினேன்.

"நேத்து சாயந்திரமே மெசேஜ் போச்சே, பாக்கலையா?" என்றார் டாக்டர்.

"வரலையே சார்."

"போகட்டும். சென்னையில தெளிவாச் சொல்லிட்டாங்க. கெட்டது இல்ல. ஆறு மாசத்துக்கு ஒரு வாட்டி ஸ்கேன் பண்ணிப் பாத்தாப் போதும்."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். விடச் சொன்ன பிறகும் பிடித்துக்கொண்டிருந்தேன். திரும்புகிற வழியில் நிஜமாகவே காணிப்பாக்கத்தில் இறங்கினேன். எங்கள் வம்சத்தில் முதல் தடவையாகத் தும்பிக்கையாழ்வாருக்கு ஒரு தேங்காய் உடைத்தேன். திருப்பதியில் அரைக் கிலோ மைசூர்பாகும் நாலு முழம் மல்லிகையும் வாங்கிக்கொண்டேன். பஸ்ஸில் வந்தபோதே பிரசங்கத்தை ஒத்திகை பார்த்தாயிற்று. 'வஸு, பத்து நாளாக என் நெஞ்சில் ஒரு பாறாங்கல்…'

"வஸு," என்றேன். "உக்காரு. பத்து நாளா என் நெஞ்சுல…"

"ஒண்ணும் இல்லேன்னு சொல்லிட்டாளோல்லியோ? பெருமாளே! கால் அலம்பிண்டு வாங்கோ."

மைசூர்பாகு கையிலேயே இருந்தது. "உனக்கு… எப்படி…"

"அந்த லேப்ல என்ன நம்பர் குடுத்தேள்?"

நினைத்துப் பார்த்தேன். கவுன்ட்டரில் போன் நம்பர் கேட்டார்கள். கேஸ், கரண்ட், ஆதார், பாங்க், எல்லாவற்றுக்கும் பத்து வருஷமாக என் வாய் சொல்லிச் சொல்லிப் பழகின நம்பரைச் சொல்லியிருக்கிறேன். அவள் நம்பர்.

"மொத ஊசி போட்ட அன்னிக்கே வந்துடுத்து. 'டியர் ஸௌரிராஜன், யுவர் சாம்பிள் ரிசீவ்டு'ன்னு. நேத்து சாயந்திரம் 'ரிப்போர்ட் ரெடி'ன்னு வந்தது. அதான் உங்களை அனுப்பினேன்."

"அப்போ பத்து நாளும் தெரியுமா? தெரிஞ்சுண்டா பேசாம இருந்தே?"

"நீங்க அவ்வளவு கஷ்டப்பட்டு மறைக்கறேள். பாவம், கெடுப்பானேன்னு விட்டுட்டேன்."

நான் சிரித்தேன். தோற்றதில் அப்படி ஒரு சந்தோஷம். "போகட்டும், பிழைச்சேன். உனக்கு உங்கண்ணாவோட எட்டு மாசம் மறுபடி வந்துடுமோன்னுதான்டி…"

அவள் பீரோவைத் திறந்தாள். புடவைகளுக்கு அடியிலிருந்து ஒரு பெரிய ஆஸ்பத்திரி உறையை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"இது என்ன?"

"என்னுது."

ஸ்கேன் படங்கள். ரிப்போர்ட்டுகள். வஸுமதி, வயது ஐம்பத்தொன்பது. இடது மார்பு. எனக்கு அதற்கு மேல் எழுத்து தெரியவில்லை. தேதிகள் மட்டும் தெரிந்தன. வெள்ளி, சனி, செவ்வாய், புதன். எல்லாம் மத்தியானம் மூன்றரை, நாலு.

"கோஷ்டி…"

"அங்கேயும் ஆயிரம் பேர்தான் உக்காந்திருந்தா."

"சிரிக்காதே வஸு. எப்போலேர்ந்து?"

"கட்டி இருக்கறது ரெண்டு மாசமாத் தெரியும். நீங்க சித்தூர் போக ஆரம்பிச்ச வாரம்தான் டெஸ்ட் பண்ணிக்கணும்னு மோனிகா பிடிவாதம் பிடிச்சா. கெட்டதுதான். ரெண்டாவது ஸ்டேஜ். வர வியாழக்கிழமை ஆபரேஷன்."

"எத்தனை?" என்றேன். என் வாய் வேறு எதையும் கேட்க மாட்டேன் என்றது. "நூத்துக்கு எத்தனைன்னார்?"

"எழுபத்தஞ்சுக்கு மேலயேன்னார். நான் பிழைச்சிருக்கற பக்கம்."

எழுபத்தைந்து நூறு இல்லையே என்று எனக்கு யார் கணக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்?

"அதை எங்கிட்ட சொல்றதுக்கென்ன? நான் யாரு?"

"உங்களுக்கு என்ன வரப்போறதுன்னு தெரியாம எப்படிச் சொல்றது? ரெண்டு பேரும் ஒரே சமயத்துல படுத்தா யார் யாரைப் பாத்துக்கறது? நீரஜாவை எத்தனை பேருக்கு லீவு போடச் சொல்றது?" உறையை ஒழுங்காக மூடினாள். "போன வியாழனே பண்ணிடலாம்னார் டாக்டர். ஒரு வாரம் தள்ளி வையுங்கோன்னேன்."

"ஏன்?"

"உங்க ரிசல்ட் வரணுமே."

நான் மறைத்த பத்து நாள். அவளுடைய தூக்கத்துக்காக நான் மிச்சம் பிடித்த பத்து நாள். சித்தூரிலிருந்து வந்த அன்றைக்கே வாயைத் திறந்து சொல்லியிருந்தால் அவளும் சொல்லியிருப்பாள். போன வியாழக்கிழமையே கத்தி வைத்தாகியிருக்கும். ஒரு வாரத்தில் அது எவ்வளவு வளரும்? எதை எதால் பெருக்குவது? எனக்குத் தெரியவில்லை. நான் அழுதேன். அறுபத்துநாலு வயசில் மைசூர்பாகுப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு சத்தம் போட்டு அழுதேன்.

"போறும். ஒரு வாரத்துல ஒண்ணும் ஆயிடாதுன்னு டாக்டரே சொன்னார். பால் பொங்கறது, நகருங்கோ," என்றாள்.

நான் எதிர் வீட்டுக்குப் போனேன். கதவைத் தட்டவே வேண்டியிருக்கவில்லை. ஜெபகுமார் திறந்துவைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார்.

"ஓய், உமக்குத் தெரியுமா?"

"தெரியும் சாமி."

"சீட்டுக் கட்டோட வந்தீரே…"

"அம்மாதான் சொன்னாங்க. மூணுலருந்து அஞ்சு வரிக்கும் அவரப் புடிச்சி வையி, தனியா குந்திக்கினு கண்டதையும் யோசிச்சிக்கினு இருப்பாருன்னு. ரம்மின்னா உங்களுக்குத் தெரியும், சீக்கிரம் சலிச்சிப் பூடும். புச்சா எதுனா கத்துக் குடுன்னாங்க. புளியங்கொட்ட கூட உங்க வூட்டுதுதான்."

"அப்ப நான் ஜெயிச்சது?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "நாலு நாளா தோத்துக்கினே இருந்தீங்க. ஒரு மாதிரி ஆயிட்டீங்க. உட்டுக் குடுன்னாங்க."

கோபப்படலாம் என்று வாயைத் திறந்தேன். அந்த மனுஷர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். உட்கார்ந்தேன். மோனிகா இரண்டு டம்ளரில் டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். இரண்டு பேரும் குடித்தோம்.

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு நாலு பேரும் ஒரே ஆட்டோவில் போனோம். நீரஜாவின் லீவை, வீட்டுக்குத் திரும்பின பிறகு வந்தால் போதும் என்று வஸுமதி தள்ளிவைத்திருந்தாள். இந்தத் தடவை நான் ஏமாறப்போவதில்லை. ஆஸ்பத்திரியில் கணவன் செய்ய வேண்டிய வேலைகளை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். கையெழுத்து, ரத்தம், மருந்துச் சீட்டு, இரவில் விழித்திருப்பது. தலையணை, பிளாஸ்க், போர்வை, துணிப் பை எல்லாவற்றையும் நானே சுமந்தேன். ஜெபகுமார் ஒன்றை வாங்கப் பார்த்தார். கொடுக்கவில்லை.

அட்மிஷன் கவுன்ட்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் தெலுங்கில் கேட்டாள். பெயர், வயது, ஊர். வஸுமதி சொன்னாள்.

"அட்டெண்டர் எவரு?" கூடத் தங்கப்போவது யாராம்.

நான் ஓரடி முன்னால் போனேன். தொண்டையைச் செருமினேன்.

"மோனிகா," என்றாள் வஸுமதி. பெண்கள் வார்டில் ஆண்களைத் தங்க விடமாட்டார்களாம். அதையும் முன்னாலேயே விசாரித்துவைத்திருக்கிறாள். மோனிகா தன் ஆதார் கார்டை எடுத்து நீட்டினாள். ஜெராக்ஸோடு.

அந்தப் பெண் இப்போது தலையை நிமிர்த்தினாள். இரண்டு தோளிலும் பை, கக்கத்தில் தலையணை, கையில் பிளாஸ்க்கோடு நிற்கிற என்னைப் பார்த்தாள்.

"மரி ஆயன எவரண்டி?" அப்படியென்றால் இவர் யார் என்று கேட்கிறாள்.

வஸுமதி திரும்பி என்னை மேலிருந்து கீழ் வரை நிதானமாகப் பார்த்தாள். என் அங்கவஸ்திரத்தைத் தோளில் சரியாக இழுத்துவிட்டாள். பிறகு கவுன்ட்டர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ஆயனா? ஊரிகே ஒச்சாரண்டி," என்றாள்.

சும்மா வந்திருக்கிறாராம்.